டயரில் இருந்த கோடு

உள்ளே வாங்கக்கா, அந்த மூட்டையைத் தாண்டி வந்துவிடுங்கள். எல்லாம் பனியன் கம்பெனித் துணி. பிசிறு வெட்டிக் கொடுக்க எடுத்து வந்திருக்கிறேன். நூல் காலில் ஒட்டும், பார்த்து. நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டு உட்காருங்கள், நடுவில் போட்டால் ஆடும். நான் வெட்டிக்கொண்டேதான் பேசுவேன், தப்பாக நினைக்காதீர்கள். தையல் முடிகிற இடத்தில் பாருங்கள், இப்படி வால் மாதிரி நூல் தொங்கும். அதை ஒட்ட வெட்ட வேண்டும், துணியில் கத்தரி படக் கூடாது. குனிந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வரும். முகத்தைப் பார்த்துப் பேசு என்றால் வராது. பழைய கார் கிளப்பில் விசாரணை வைத்த அன்றைக்கும் அப்படித்தான், வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

நீங்கள் யார் என்று படியில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது. மூக்கு அப்படியே உங்கள் அப்பா மூக்கு. குப்புராஜண்ணன் மகள்தானே?

அவரைப் பார்க்கத்தானே வந்தீர்கள், எங்கள் வீட்டுக்காரரை. உள்ளேதான் இருக்கிறார். வர மாட்டார். மூன்று வாரமாக யார் வந்தாலும் இதே கதைதான், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நாம் பேசுவது அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் எல்லாமே கேட்கும். கேட்கட்டும். கேட்டாவது ரோசம் வருகிறதா பார்ப்போம்.

ஏய் யாழினி, நூலை வாயில போடாத. துப்பு. துப்புடி. ரெண்டு வயசாகிறது அக்கா, கீழே எது கிடந்தாலும் வாய்க்குப் போகிறது.

நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிறீர்களாம். மெக்கானிக் தனபால் கெட்டுப்போன டயரோடு வண்டியை அனுப்பினான், அதனால்தான் எங்கள் அப்பா செத்தார் என்று. காகிதத்தைக்கூடக் கிளப்காரர்களே எழுதி வைத்துவிட்டார்கள், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொன்னார்களாமே. இந்த ஊரில் எல்லாம் காதுக்கு வந்துவிடுகிறது. அதைப் போடுவதற்கு முன்னால் அந்த ஆளை நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். நல்ல மனசுக்கா உங்களுக்கு. வேறு யாராவது என்றால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

கேட்க வேண்டியது ஒன்றுதானே? கோடு போட்டானா, போடவில்லையா.

போட்டார். நான் பார்த்தேன். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். இதைச் சொல்லத்தான் உங்களை உள்ளே கூப்பிட்டேன்.

கோடு என்றால் உங்களுக்கு விவரம் தெரியுமோ என்னவோ. இந்த மெக்கானிக்குகளுக்குள் ஒரு பழக்கம். ஒரு சக்கரம் ஓடக் கூடாது என்றால் டயரில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு வைப்பார்கள். அது இருந்தால் எந்த ஷெட்டில் எவன் பார்த்தாலும் வண்டியை எடுக்க மாட்டான். ரேஸுக்கு முன்னால் வண்டியைச் சோதிக்கிற ஆள் இருக்கிறார் பாருங்கள், செக்கிங்காரர், அவரும் முதலில் அந்தக் குறியைத்தான் தேடுவாராம். குறி இருந்தால் வண்டி உள்ளே போகாது, முடிந்தது. எங்கள் வீட்டுக்காரர் சட்டைப் பையில் பேனா இருக்காது, சாக்பீஸ் இருக்கும். துவைக்கிறபோது எடுக்க மறந்தால் பையெல்லாம் கூழாகிவிடும். அப்படிப்பட்ட மனுஷன் விசாரணையில் நின்று, "போடலைங்க, மறந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார்.

எதற்குச் சொன்னார்? முதலாளிக்குப் பயந்துதான். வேறென்ன?

கோபால் சாரை நீங்கள் சாவு வீட்டில் பார்த்திருப்பீர்கள், மாலையோடு வந்திருப்பார். அவரிடம் அந்தக் காலத்துக் கார் ஒன்பது நிற்கிறது. அதில் இந்தப் பச்சை வண்டிதான் அவருக்கு உயிர். மேலே கூரை கிடையாது, இரண்டு பேர் உட்காரலாம், முன்பக்கம் நீளமாகச் சப்பாத்திக்கட்டை மாதிரி இருக்கும். எங்கள் மாமனார் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. அதில் பெல்ட் கிடையாது. இவர் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார், "ஒரு பெல்ட்டாவது போட்டுக்கலாங்க சார்" என்று. பெல்ட் மாட்ட ஓட்டை போட வேண்டுமாம், ஓட்டை போட்டால் அசல் கெட்டுப்போகுமாம். உருண்டால் தலைக்கு மேலே ஒரு கம்பி வேண்டும் என்றார். அதுவும் அசல் இல்லையாம். சரி, நல்ல ஹெல்மெட்டாவது போடுங்க என்றால், அந்தக் காலத்துத் தோல் குல்லாய்தான் போடுவாராம். போட்டோவில் அதுதான் பொருத்தமாம். அந்த வீட்டில் அசல், அசல், எந்நேரமும் இதே பேச்சு. ஒரு நாள் அவர் வீட்டம்மாவே என்னிடம் சொன்னார்கள், "என்னையத் தவிர இந்த வீட்டில எல்லாம் அசல்தான் சுகன்யா" என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். பெரிய வீட்டுச் சிரிப்புக்கு நாம் சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியாது.

டயரிலும் அதே கூத்து. அந்த வண்டிக்கு நாலு நாலாக இரண்டு செட் சக்கரம். அழகுப் போட்டிக்கு வைக்க ஒன்று, ஓட்ட ஒன்று. அழகுக்கு வைக்கிற டயரில் வெள்ளைப் பட்டை இருக்கும், வெளிநாட்டுச் சரக்கு, முப்பது வருசம் ஆகிறதாம். பார்க்கப் புதுசுபோல இருக்கும், பல்லெல்லாம் தேயாமல். ஆனால் ரப்பர் செத்துப்போய்விட்டது. ஓரத்தில் நகத்தால் கீறினால் பொடி உதிரும். அது நின்று பல்லைக் காட்ட மட்டும்தான். ஓட்டுகிற டயர் வெறும் கறுப்பு. அதைப் போட்டால், "லாரி மாதிரி இருக்குதுடா தனபாலு" என்று சார் முகத்தைச் சுளிப்பார். இப்படியும் ஒரு மனுஷன்.

கிளப்பின் பழைய கார் விழாவுக்கு முந்தின நாள் ஷெட்டில் வெள்ளைப் பட்டைச் சக்கரத்தை மாட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஓட்டுகிற சக்கரம் நாலும் அதே லாரியில் பின்னால். காலையில் அழகுப் போட்டி, மதியம் ரேஸ். ஒரு மணிக்கு இவர் வந்து சக்கரத்தை மாற்றிவிடுவதாக ஏற்பாடு. காலையில் இவர் வேறு ஒருத்தர் வண்டிக்குப் போய்விட்டார். அது பெட்ரோல் இழுக்காமல் வழியிலேயே நின்றுவிட்டது. கோபால் சார்தான், "போய்ப் பாருடா, நம்ம கிளப் ஆளு" என்று அனுப்பினாராம். விடியும் முன்னமே இவர் கிளம்பிவிட்டார்.

ஏழு மணி இருக்கும். சார் வீட்டு டிரைவர் வாசலில் வந்து ஆரன் அடிக்கிறார். துடைக்கிற பெண் வரவில்லையாம், அம்மா என்னைக் கூட்டிவரச் சொன்னார்களாம். மெக்கானிக் பொண்டாட்டிக்குக் கார் துடைக்கத் தெரியாமலா இருக்கும் என்று. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே போனேன். இவருக்குத் தெரியாது நான் போனது. போன் பண்ணலாம் என்றால் போனில் காசு இல்லை.

நீங்கள் அந்த மைதானத்தைப் பார்த்தீர்களா? பழைய மில்லுக்குப் பின்னால் வட்டமாக ரோடு. ஒரு பக்கம் பந்தல், நாற்காலி, குளுகுளு என்று விசிறி. இன்னொரு பக்கம் ஜனங்கள் நிற்க மூங்கிலும் கயிறும். வளைவில் தடுப்பு என்று வைத்திருந்தார்கள் பாருங்கள், வைக்கோல் கட்டு! மாட்டுக்குப் போடுகிற அதே வைக்கோல். உங்கள் அப்பா அங்கேதான் நின்றார், மூன்று கட்டுக்குப் பின்னால், வண்டிகளுக்குச் சைகை காட்ட மஞ்சள் கொடியோடு. நான்கூடக் கேட்டேன். எனக்கு ஆம்பளைகளோடு பேச வராது, ஆனால் அவர் பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார், அதனால் கேட்டேன். "வண்டி வந்து இடிச்சா இது தாங்குங்களாண்ணா?" அவர் சொன்னார், "இடிக்கிற வண்டி பசியோட வந்தா தாங்கும் கண்ணு, தின்னுட்டு நின்னுக்கும்."

இப்படித்தான் பேசுவாரா வீட்டிலும்?

அழாதீங்கக்கா. நான் வேறு, எதையோ சொல்லி. இந்தாங்க, புதுத் துணிதான், துடைச்சுக்கங்க. கம்பெனிக்கு ஒன்று குறைந்தால் குறையட்டும்.

வேலையைச் சொல்கிறேன். சார் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "டயர் மினுங்கணும். ஜட்ஜு குனிஞ்சு பார்ப்பாங்க. ஒரு தூசி இருக்கக் கூடாது." அந்த வண்டி எப்படிக் கிடந்தது தெரியுமா, ஒன்பது வண்டி வைத்திருக்கிற மனுஷனுடைய வண்டி? லாரியில் வந்ததில் ஒரே புழுதி. கதவில் காக்கா எச்சம். சக்கரத்துக் கம்பிக்குள்ளே கிரீஸ் ஒழுகி அதில் ஒரு பல்லி செத்து ஒட்டியிருந்தது. சீ, இப்போதும் கையில் அந்த வழவழப்பு இருக்கிறாற்போல இருக்கிறது. கம்பி ஒவ்வொன்றாகத் துணியை விட்டு இழுத்தேன். வெள்ளைப் பட்டையைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறுப்பில் நாலு டயரிலும் சாக்பீஸால் பெரிது பெரிதாகக் கிறுக்கி வைத்திருந்தது. பெருக்கல் குறி மாதிரி. லாரிக்காரன் எண்ணிக்கைக்குப் போட்டிருப்பான், இவ்வளவு விலை வண்டியில் இப்படியா கிறுக்குவது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, டயர் பாலிஷ் டப்பா ஒன்று இருந்தது, அதை மூன்று கை போட்டேன். மூன்று கை! கம்பளித் துணியால் தேய்த்து முடித்தபோது பாப்பா முகம் அதில் தெரிந்தது. எட்டரை மணிக்குள் எல்லாம் முடித்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், நான் பார்த்தேன் என்று. யாரோ சொல்லிக் கேட்டது இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நாலிலும் குறி இருந்தது. அது இவர் போட்டது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. விசாரணை அன்று வாசலில் நின்றபோது இன்னொரு மெக்கானிக் சொன்னார், "தனபாலு ஆகாத டயருக்குக் குறுக்குக் கோடு போடாம வண்டிய வெளிய விடமாட்டானே" என்று. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று வந்தது. அட, அந்தக் கோடு! இவர் போட்டிருக்கிறார்! எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உள்ளே போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு படி ஏறினேன். உள்ளே நீள மேசை, கோட்டுப் போட்டவர்கள் ஆறு பேர், எல்லார் முன்னாலும் தட்டில் கட்லெட். செத்தது ஒரு உசிர், அதை விசாரிக்கிற இடத்தில் சாஸ் ஊற்றித் தின்றுகொண்டிருக்கிறார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் படியிறங்கி வந்து வாதாமரத்துக்குக் கீழே வாந்தி எடுத்தேன். அதோடு பஸ் ஏறிவிட்டேன்.

சொல்லியிருக்க வேண்டும். தெரிகிறது. எனக்கு வாய் இல்லை.

அழகுப் போட்டியில் பச்சை வண்டிக்குத்தான் முதல் பரிசு. ஜட்ஜு வெள்ளைக்காரன் மாதிரி ஒரு தாத்தா, டயருக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்துவிட்டு ஏதோ இங்கிலீஷில் சொன்னார். சார் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் பொய் சொல்வானேன், சந்தோசமாகவும் இருந்தது. அத்தனை பேர் நடுவில் என் வேலையை ஒருத்தர் பார்த்தார். அந்தச் சந்தோசத்தை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

கப்பை வாங்கியதும் சாருக்குத் தலைகால் புரியவில்லை. மணி ஒன்றாயிற்று, இவர் வரவில்லை. சக்கரம் மாற்ற வேறு ஆள் இருந்தார்கள். அம்மாகூட, "டயர் மாத்தணும்னு தனபால் சொன்னானே" என்றார்கள், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சார், "நாலே சுத்துதானே. இதே டயரோட ஓடினா போட்டோ எப்படி வரும் பாரு" என்றார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரியும். இப்போது விசாரணையில், "எனக்கு யாரும் சொல்லலை, ஆகாத டயர்னா கோடு இருந்திருக்கும், செக்கிங்கில நிறுத்தியிருப்பாங்க" என்கிறார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். தூ. கட்டின புருசனுக்காகப் பொய்யை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க எப்படித்தான் மனசு வருகிறதோ.

ஓட்டுகிறவர்களைப் பார்க்க வேண்டுமே நீங்கள். பாதிப் பேர் அறுபது தாண்டினவர்கள். ஒருத்தர் மாத்திரையைப் போட்டுத் தண்ணி குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். ஒரு வண்டியில் பெட்ரோல் டேங்க் மூடிக்குப் பதிலாகத் துணியைச் சுற்றி வைத்திருந்தது. பிரேக் பிடித்தால் நாலு வீடு தள்ளி நிற்கும் என்று அவர்களே சிரித்துக்கொள்கிறார்கள். மைக்கில் ஒருத்தன் விடாமல் கத்துகிறான், "அந்தக் காலத்து வீரம், அந்தக் காலத்து வீரம்" என்று. அந்தக் காலத்தில் இந்த வண்டிகளில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எவனாவது மைக்கில் சொல்வானா?

பாப்பா உங்கள் அப்பாவை விட்டு வரவே மாட்டேன் என்றாள். வைக்கோல் கட்டு மேலே உட்கார வைத்து, கையில் கொடியைக் கொடுத்திருந்தார். அவருக்குக் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் வாழைப்பழம் இருந்தது, அதை உரித்து ஊட்டிவிட்டார். முதல் வண்டி உறுமிய உடனே, "கொழந்தையத் தூக்கிட்டுப் போம்மா, காது நோகும்" என்றார். நான், "இங்க நிழலா இருக்குதுங்கண்ணா, இருக்கட்டும்" என்றேன். "அட போ கண்ணு, சொன்னாக் கேளு" என்று அவரே தூக்கி என் இடுப்பில் வைத்தார். நான் பந்தல் வரைக்கும்கூடப் போகவில்லை, வழியிலேயே நின்று பார்த்தேன்.

மூன்றாவது சுற்று. நான் அதை உங்களிடம் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பச்சை வண்டி வளைவில் திரும்பவே இல்லை, நேராகப் போயிற்று. வைக்கோல் பறந்தது. அப்புறம் ரொம்ப நேரம் வைக்கோல் மட்டும் மேலேயிருந்து விழுந்துகொண்டே இருந்தது. உங்கள் அப்பா கத்தவில்லை. அதை மட்டும் நம்புங்கள். கத்த நேரமே இல்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எங்கள் வீட்டுக்காரர் மைதானத்துக்குள் வந்திருக்கிறார். வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்ததை நான் பார்த்தேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்துக்கொண்டு, என்னமோ கத்திக்கொண்டு ஓடி வந்தார். நிறுத்தச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லைக்கா. முதல் பரிசு வாங்கின வண்டி ஓடுகிற குஷியில் வருகிறார் என்று நினைத்து நானும் கையைத் தூக்கி ஆட்டினேன்.

பிறகு நடந்ததுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்கிறது. ஆம்புலன்ஸ் ஒன்று. ஒன்றே ஒன்று. அது பரிசு மேடைக்குப் பின்னால், அதற்கு முன்னால் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காரெல்லாம் அடைத்துக்கொண்டு. டிரைவர் பிரியாணி வரிசையில் நிற்கிறான். எங்கள் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு மெக்கானிக்குகளும் உங்கள் அப்பாவைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுற்றி நின்ற ஜனம் வழி விடவில்லை, போனைத் தூக்கிப் படம் பிடித்தது. கோபால் சாருக்கு நெற்றியில் சிராய்ப்பு. அவர் ரோட்டில் உட்கார்ந்து அழுதார். உங்கள் அப்பாவுக்காக அழுகிறார் என்று நான் நினைத்தேன். பக்கத்தில் போனால், "இந்த பானெட் உலகத்துலயே ஆறுதான்டா இருக்குது, ஆறுதான்" என்று அழுகிறார். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பவில்லை. துப்பத் தைரியம் ஏது.

மைக்கில் சொன்னான், "ஒரு சிறு தடங்கல், தயவுசெய்து காத்திருக்கவும்." சினிமாப் பாட்டுப் போட்டான். அரை மணி நேரத்தில் இரண்டு பேர் கூடையில் மண் கொண்டுவந்து ரோட்டில் கொட்டிப் பரத்தினார்கள், கல்யாண வீட்டில் கொட்டின சாம்பாருக்கு மேலே போடுகிற மாதிரி. அதற்கு மேலே அடுத்த ரேஸை ஓட்டினார்கள். ஆமாங்கக்கா. ஓட்டினார்கள். உங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லையா? கேட்டால், "ஸ்பான்சர் வந்திருக்காங்க" என்கிறான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று அப்போதுதான் சொன்னார்கள். இவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார், "நீ எப்ப வந்த?" காலையிலேயே அம்மா கூப்பிட்டாங்க, வண்டி துடைக்க என்றேன். "டயரையுமா?" என்றார். "நாலையும்தானுங்க. பாலிஷ் எல்லாம் போட்டு" என்றேன். அந்த நேரத்திலும் ஒரு நல்ல வார்த்தை சொல்வாரோ என்று எனக்கு ஒரு நப்பாசை. அவர் குழாயை மூடாமலே அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணி காலில் ஓடுகிறது, எழவில்லை. நான்தான் போய் மூடினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு பேச்சுத்தான். "யாரு கேட்டாலும் நீ அன்னிக்கு மைதானத்துக்கு வரலை. புரிஞ்சுதா? வரவேயில்லை." பாருங்கள் கௌரவத்தை! ஒரு ஆள் செத்துக் கிடக்கிறார், இவருக்குப் பொண்டாட்டி கார் துடைத்தது வெளியே தெரியக் கூடாது. பெரிய ஜமீன். அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பில் ஒரு வாய் சோறு அள்ளிப் போடவில்லை அவருக்கு.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் ஆளே மாறிவிட்டார். முன்னெல்லாம் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தால்கூட வீடு அதிரக் கத்துவார். இப்போது குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் சத்தமில்லாமல் தின்கிறார். பாத்திரத்தைக் கழுவி வைக்கிறார். ராத்திரி எழுந்து பார்த்தால் என்னையும் பாப்பாவையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னை ஒரு சொல் கடிந்து பேசுவதில்லை. குற்றமுள்ள மனசு என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கோடு ஞாபகம் வருகிறவரைக்கும். கோடு போட்ட ஆள் எதற்கு இப்படி ஒடுங்கிக் கிடக்க வேண்டும்? எழுந்து நின்று, "நான் போட்டேன், நீங்க பார்த்துட்டே ஓட்டினீங்க" என்று சொல்ல வேண்டியதுதானே? நான் இதைக் கேட்டேன். "நீங்க கோடு போட்டிருந்தீங்க, நான் பார்த்தேன், வாங்க போய்ச் சொல்லலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். பயந்துபோய் என் வாயைப் பொத்தினார்க்கா. அவர் கை முழுக்கச் சாக்பீஸ் வாசனை. "கோடு இல்லை. நீ பார்க்கலை" என்றார். ஆம்பளை இல்லை, கோழை. முதலாளி ஒரு பார்வை பார்த்தால் தன் கையையே தன்னுடையது இல்லை என்று சொல்லிவிடுகிற ஜாதி.

இனிமேல் எந்த ஷெட்டிலும் இவரை உள்ளே விட மாட்டார்களாம், கடிதம் வந்துவிட்டது. நீங்கள் நாளைக்குக் கையெழுத்துப் போட்டால் ஜெயில்தான். அவர் போகத் தயாராகத்தான் இருக்கிறார், அதுதான் எனக்கு எரிகிறது. துணிப்பையில் லுங்கியும் துண்டும் மடித்து வைத்திருக்கிறார், ஏதோ பழனிக்குப் போகிற மாதிரி.

அதனால் நீங்கள் எழுதுங்கள். இப்படி எழுதுங்கள்: தனபால் சம்சாரம் சுகன்யா கண்ணால் பார்த்தாள், நாலு டயரிலும் கோடு இருந்தது, அந்தக் கோட்டைப் பார்த்தும் செக்கிங்காரன் வண்டியை விட்டான், சாரும் ஓட்டினார். ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் வருகிறேன். எனக்குப் பயம்தான். ஆனால் உங்கள் அப்பா என் பிள்ளையை அந்த வைக்கோலில் இருந்து தூக்கிக் கொடுத்தார். அதை நினைத்துக்கொண்டால் வாய் வந்துவிடும்.

என்னங்க? கோடு இல்லை என்று செக்கிங்காரர் சொன்னது பொய் இல்லை என்கிறீர்களா?

போட்டோவா? எங்கே, காட்டுங்கள். கொஞ்சம் கிட்டே பிடியுங்கள். இது செக்கிங் பண்ணும்போது எடுத்ததா? ஒன்றே காலுக்கா? ஆமா, பச்சை வண்டிதான். இவர்தான் குனிந்து டயரைத் தடவிப் பார்க்கிறார், ஆமா, இவர்தான் செக்கிங்காரர். பார்த்திருக்கிறாரே. நன்றாகத்தான் பார்த்திருக்கிறார். டயர் என்னமா மினுங்குகிறது பாருங்கள், அது நான் போட்ட பாலிஷ்தான், அவர் முகம்கூட அதில் தெரிகிறது. பெரிதாக்குங்கள். அந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். கோடு இங்கேதான் இருந்தது, இந்த இடத்தில், என் முழங்கை நீளத்துக்கு.

இல்லையே.

இருங்கக்கா. நான் முடித்தது எட்டரை. இது ஒன்றே கால். நடுவில் யாரும் தொடவில்லை, கப்பு வாங்கும்வரை நான்தான் பக்கத்தில் நின்றேன், ஒருத்தரையும் கை வைக்க விடவில்லை. அப்படி என்றால் அந்தக் கோடு

கூப்பிடுகிறார். கேட்டீர்களா? "சுகன்யா! பேசினது போதும், உள்ள வா!" மூன்று வாரத்தில் இன்றைக்குத்தான் சத்தம் போடுகிறார். இதோ வாரேனுங்க! திரையை விலக்கிக்கொண்டு அவரே எழுந்து வருகிறார். ஒரு நிமிசம்க்கா, போய்விடாதீர்கள், அந்த போட்டோவை மூடிவிடாதீர்கள். நான் சொன்னது பொய் இல்லை. கோடு இருந்தது, நாலிலும் இருந்தது, ஈரத்துணியை எடுத்து நான்தான்